கூட்டாளிமார் ஆறு பேர் சேர்ந்து காட்டுக்காணி வாங்கலாமோ?

இந்த முறை எடுத்த கடிதம் முல்லைத்தீவு மாவட்டத்தில இருந்து வந்தது. எழுதினவர் ஒரு வாத்தியார், 36 வயசு. ஆளையும் இடத்தையும் ஒருத்தரும் மட்டுக்கட்டாத மாதிரி விபரங்களைக் கொஞ்சம் மாத்தித்தான் போடுறன்.

அவரோட ஏ.எல். ஒண்டாப் படிச்ச கூட்டாளிமார், இவரோட சேர்த்து ஆறு பேர், நாலு ஆம்பிளையள் ரெண்டு பொம்பிளையள். ஒராள் கனடாவில, அங்கத்தைய சிட்டிசன். ஒராள் கொழும்பில. மிச்சம் நாலு பேரும் வன்னியிலதான். போன வருசம் ஆனி மாசம் ஒரு லோங் வீக்கெண்டுக்கு எல்லாரும் குடும்பத்தோட ஒரு ஐயாட காணியில ரெண்டு இரவு டென்ட் அடிச்சிருக்கினம். தண்ணி வத்தின ஆத்து மணல், கரையில பெரிய மருது, பிள்ளையள் பாலைப்பழம் பொறுக்கித் திண்டு உதடெல்லாம் பால் ஒட்டிப்போய்ப் பிறகு எண்ணெய் பூசி எடுத்ததாம். ஐயாவுக்கு எழுவது தாண்டிட்டுது, பிள்ளையள் எல்லாம் வெளியில, 9 ஏக்கரையும் விக்க விருப்பமாம். அதில 5 ஏக்கர் தகப்பன் வழி உறுதிக்காணி (சொந்தம் எண்டு பத்திரம் எழுதிப் பதிஞ்ச காணி), மிச்சம் 4 ஏக்கருக்கும் "பேப்பர் இருக்கு" எண்டு சொல்லியிருக்கிறார்.

இவையின்ர பிளான் என்னெண்டா, காசு ஆறு பேரும் சமனாப் போடுறது, உறுதி வாத்தியார்ர பேரில மட்டும் எழுதுறது, மற்ற அஞ்சு பேர்ர கணக்கும் வட்ஸ்அப் குரூப்பில கிடக்குமாம். ஆளுக்கொரு டென்ட் இடம் பிரிச்சு, நடுவில பொதுக் குசினியும் ஒரு டொய்லட்டும் கட்டி, ஒருத்தரும் ஒரு காலத்திலயும் விக்கக்கூடாது எண்டு ஒரு பேப்பரில எல்லாரும் கையெழுத்து வைக்கிறது. பிறகு சரிவந்தா வெளி ஆக்களுக்கும் வாடகைக்கு விடுறது. கடைசியில கேக்கிறார்: "அக்கா, நாங்கள் சின்னனில இருந்து பழகின ஆக்கள், எங்களுக்குள்ள பிரச்சினை வராது. என்ர மனுசிதான், நாளைக்கு உங்களுக்கு ஒண்டு நடந்தா எனக்கும் பிள்ளையளுக்கும் அந்தக் காட்டில என்ன இருக்கு எண்டு கேட்டுக்கொண்டு நிக்கிறா. சட்டப்படி இது சரியோ?"

தம்பி, உங்கட மனுசி கேட்டதுதான் கேள்வி. நீங்கள் ரெண்டு பக்கத்துக்கு எழுதினதில மிச்சம் எல்லாம் காட்டின்ர வடிவுதான், அதை நான் பிழை சொல்லேல்ல, வாசிக்க எனக்கும் ஆசையாத்தான் இருந்தது. ஆனா காசு குடுக்க முதல் சில விசயங்களை நீங்கள் மாத்தி விளங்கி வச்சிருக்கிறீங்கள், அதை ஒவ்வொண்டாச் சொல்லுறன்.

அந்த "பேப்பர்" என்ன பேப்பர்?

எல்லாத்துக்கும் முதல் இது. வன்னியில "பேப்பர் இருக்கு" எண்டு ஒராள் சொன்னா அது உறுதியாயும் இருக்கலாம், பெர்மிட்டாயும் இருக்கலாம், அரசாங்கம் காணியை அளிச்சு எழுதின அளிப்புப் பத்திரமாயும் இருக்கலாம், சில நேரம் ஜி.எஸ்., அதுதான் கிராம அலுவலர், குடுத்த ஒரு கடிதமாக்கூட இருக்கும். 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ குடுத்த பெர்மிட் எண்டா அது அரச காணி, ஐயா அதில இருந்து பயிர் செய்யலாம், தனக்குப் பிறகு ஆர் எண்டு பின்னுரித்தாளரைப் பதியலாம், ஆனா விக்க ஏலாது. முத்திரை ஒட்டி, சாட்சி ரெண்டு பேர் கையெழுத்து வச்சு, கைமாத்தினது எண்டு எழுதித் தந்தாலும் அது உங்கட காசுக்கு ரசீதே தவிர காணிக்கு உறுதி இல்லை. அளிப்புப் பத்திரம் எண்டாக் கொஞ்சம் பரவாயில்லை, அதுக்கும் பிரதேச செயலாளர்ர எழுத்து மூலமான சம்மதம் முதலே எடுக்கோணும், எழுதிப்போட்டுப் பிறகு போய்க் கேக்கிறது சரிவராது.

உங்கட கடிதத்தைத் திரும்ப வாசிக்கேக்க எனக்கு ஒண்டு பட்டது. ஆத்தங்கரை, மருது, மணல், நீங்கள் ஆசைப்பட்ட இடம் எல்லாம் அந்த 4 ஏக்கர்ப் பக்கம்தான் போல கிடக்கு. உறுதிக்காணி உள்பக்கம், வீரையும் முதிரையும் நிக்கிற பக்கம். அப்பிடி எண்டா நீங்கள் காசு குடுத்து வாங்கக்கூடியது ஆறு இல்லாத காடு. ஆத்துக்கரையில ஒதுக்கு எண்டு ஒரு துண்டு எப்பவும் அரசின்ரதுதான், அது பெர்மிட்டுக்குள்ளயும் வராது.

இன்னொண்டு, வன இலாகா. சனம் இடம்பெயர்ந்து போய்க் கன வருசமாக் கிடந்த காணியளில காடு மூடிப்போச்சு, மூடினதைக் காடு எண்டே கணக்கெடுத்து எல்லைக்கல் போட்ட இடங்கள் வன்னி முழுக்க இருக்கு, அதால எத்தினை சனம் இண்டைக்கும் கந்தோர் கந்தோரா அலையுதெண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உறுதி உங்கட கையில இருந்தாலும் காணி ஒதுக்கக் காட்டு வர்த்தமானிக்குள்ள விழுந்திருந்தா அதுக்குள்ள டென்ட் அடிக்கிறதே குற்றமாப் போகும். ஆனபடியா சேவேயர் அளந்த பிளானோட வட்டார வன அலுவலகத்துக்கும் பிரதேச செயலகக் காணிப் பகுதிக்கும் போய் எழுத்தில கேளுங்கோ. வாய்ப்பேச்சில "பிரச்சினை இல்லை தம்பி" எண்டு சொல்லுறதை நம்பிப் போகாதேங்கோ.

அளக்கிற விசயத்தில ஒரு அனுபவம் சொல்லுறன். சில வருசத்துக்கு முதல் இப்பிடி ஒரு காட்டுக்காணிக்குச் சேவேயரோட நானும் போனனான். உறுதியில மேற்கு எல்லை "பெரிய பாலை மரம்". போய்ப் பாத்தா அந்தப் பக்கம் பாலை பதினேழு நிக்குது, எல்லாம் பெரிசுதான். கடைசியில சேவேயர்ர உதவியாள் பெடியன் ஒரு புத்தைக் கத்தியால செதுக்கிக்கொண்டு போக உள்ளுக்கு இருந்து பழைய கல்லு ஒண்டு வந்தது, பாத்தா நாங்கள் நினைச்ச இடத்தில இருந்து ஐம்பது அடி உள்ளுக்கு. அந்த ஐம்பது அடிக்குள்ளதான் வாங்க வந்தவை கிணறு வெட்ட இடம் பாத்து வச்சிருந்தவை. உறுதியை மட்டும் நம்பிப் போயிருந்தா பக்கத்துக் காணிக்காரனுக்குக் கிணறு வெட்டிக் குடுத்திருப்பினம்.

ஒருத்தர்ர பேரில எழுதுறது

இலங்கையில காணி கைமாறுறதெண்டா நொத்தாரிசுக்கு (உறுதி எழுதுறவருக்கு) முன்னால, ரெண்டு சாட்சியோட, எழுத்தில நடக்கோணும். இது 1840 ஆம் ஆண்டு 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம், வெள்ளைக்காரன் காலத்தது, இண்டைக்கும் அதுதான். அப்ப உறுதியில உங்கட பேர் மட்டும் இருந்தா உலகத்துக்கு நீங்கள்தான் சொந்தக்காரன். வட்ஸ்அப் கணக்கு உங்கட அஞ்சு கூட்டாளிமாருக்கும் காணியில பங்கு தராது. காசு போட்டவைக்கு ஒரு வழியுமே இல்லை எண்டு நான் சொல்லேல்ல, நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் எண்டு 1917 இல வந்த ஒண்டு இருக்கு, விலையைக் குடுத்தது நான், பேர் மட்டும்தான் அவர்ர எண்டு வழக்குப் போடலாம். ஆனா போட்டு, நிரூபிச்சு, அப்பீலுக்கும் போய் வரேக்க உங்கட பிள்ளையள் ஏ.எல். எடுத்திடுவினம்.

நீங்கள் நேர்மையான ஆள், ஏமாத்த மாட்டீங்கள், சரி. உங்களுக்கு ஒண்டு நடந்தா? காணி உங்கட மனுசிக்கும் பிள்ளையளுக்கும் முதிசமாப் போகும். அப்ப உங்கட கூட்டாளிமார் வந்து இதில ஆறில அஞ்சு எங்கட எண்டு நிப்பினம், உங்கட மனுசிக்கு அது உண்மையோ பொய்யோ எண்டு என்னெண்டு தெரியும்? ஒரு செத்த வீட்டுக்குப் பிறகு ரெண்டு பக்கமும் நல்ல சனமா இருந்தும் சண்டை பிடிக்கிற நிலையை நீங்கள் இப்பவே எழுதி வைக்கிறீங்கள். உங்கட மனுசி பயந்தது தனக்குக் கிடைக்காது எண்டு, உள்ளபடி பயப்பிடவேண்டியது மற்ற அஞ்சு வீட்டுக்காரரும்.

பிரிபடாத பங்கு எண்டா

சரி, ஆறு பேர்ர பேரிலயும் எழுதிறம் எண்டு வைப்பம். அப்ப ஆளுக்கு ஆறில ஒரு பிரிபடாத பங்கு. இதில நீங்கள் நினைக்கிற மாதிரி "மருதுக்குக் கீழ என்ர, பாறைப் பக்கம் அவன்ர" எண்டு சட்டத்தில ஒண்டும் இல்லை. ஒவ்வொரு மரத்திலயும் ஒவ்வொரு பிடி மண்ணிலயும் ஆறு பேருக்கும் பங்கு. டென்ட் இடம் பிரிக்கிறது உங்களுக்குள்ள ஒரு வசதி, அவ்வளவுதான். ஒராள் மற்றவையைக் கேக்காமல் சீமெந்தில கட்டடம் எழுப்பினா மற்றவை கோட்டுக்குப் போய்த் தடுக்கலாம், ஆனபடியா குசினி டொய்லட் எல்லாம் ஆர் காசில, ஆர் சம்மதத்தில எண்டு முதலே எழுத்தில வரட்டும்.

"ஒருத்தரும் ஒரு காலத்திலயும் விக்கக்கூடாது" எண்ட பேப்பரை நம்பாதேங்கோ. ஒராளைச் சாகும் வரைக்கும் கூட்டுக்குள்ள கட்டி வைக்க எங்கட சட்டம் விடாது. 1977 ஆம் ஆண்டு 21 ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டப்படி எந்தப் பங்காளியும் மாவட்ட நீதிமன்றத்தில என்ர பங்கைப் பிரிச்சுத் தா எண்டு கேக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. கொழும்புக் கூட்டாளிக்கு மகளைப் படிப்பிக்கக் காசு தேவைப்பட்டா அதுவே போதும். பிரிக்க ஏலாத மாதிரி காணி எண்டா வித்துக் காசைப் பங்கிடச் சொல்லியும் கோடு சொல்லும். வழக்குக் காணிப் பதிவகத்தில பதிஞ்ச நாள் தொடக்கம் முடியிற வரைக்கும் ஒருத்தரும் தங்கட பங்கை விக்கவோ ஈடு வைக்கவோ ஏலாது, வழக்கு எப்ப முடியும் எண்டு கேக்காதேங்கோ.

வட மாகாணக் காணி எண்டதால உங்களுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கு, நீங்கள் அதைத் தெரியாமல் இருக்கிறீங்கள். தேசவழமையில, அதாவது வடக்குத் தமிழரின்ர பழைய வழக்காற்றுச் சட்டத்தில, முன்வாங்கல் உரிமை எண்டு ஒண்டு, அதை 1947 இல தனிச் சட்டமாயும் ஆக்கினவை. பங்காளி ஒராள் தன்ர பங்கை வெளியாளுக்கு விக்க வெளிக்கிட்டா மற்றப் பங்காளிமாருக்கு முதல் அறிவிக்கோணும், அவை அதே விலைக்கு வாங்க முந்தலாம், அறிவிக்காமல் வித்தா வழக்குப் போட்டு மீட்கலாம். இதுக்கு ஆள் யாழ்ப்பாணத்தாரோ வன்னியாரோ மலைநாட்டில இருந்து வந்து குடியேறினவரோ எண்டு பாக்கிறேல்ல, காணி வட மாகாணத்தில கிடந்தாச் சரி. ஆனா வாங்கிறதுக்கு அந்த நேரம் உங்கட கையில காசு இருக்கோணுமே, சட்டம் கடன் தராது.

உங்கட கூட்டாளிமாரில ரெண்டு பொம்பிளையள் எண்டு எழுதியிருக்கிறீங்கள். அவை தேசவழமைக்குட்பட்ட கலியாணம் முடிச்ச பிள்ளையள் எண்டா தங்கட சொந்தக் காசில வாங்கின பங்கை விக்கவும் புருசன்ர எழுத்து மூலமான சம்மதம் வேணும். 1911 ஆம் ஆண்டுச் சட்டம். இதை ஒவ்வொரு முறையும் ஒரு டொக்டர்ப் பிள்ளைக்கோ பாங்க் மனேச்சர்ப் பிள்ளைக்கோ விளங்கப்படுத்தேக்க எனக்கு வாற கோவத்தை இங்க எழுத ஏலாது. இருக்கிற வரைக்கும் சட்டம் சட்டம்தான், அந்தப் புருசன்மாரையும் ஆரம்பத்திலயே கூப்பிட்டுக் கதையுங்கோ.

நீங்கள் சொல்லாமல் சொன்ன ஒரு பயமும் இருக்கு, காணிக்குக் கிட்ட வீடு உள்ள கூட்டாளி பத்து வருசம் தனிய ஆண்டா காணி அவருக்குப் போயிடுமோ எண்டு. பொதுவாப் போகாது. ஒரு பங்காளி ஆண்டா எல்லாருக்காகவும் ஆண்டதாத்தான் கணக்கு, 1911 இல கொரேயா எதிர் அப்புகாமி வழக்கில பிரிவி கவுன்சில் (வெள்ளைக்காரன் காலத்தில லண்டனில இருந்த மேல் அப்பீல் கோடு) சொன்னது இண்டைக்கும் நிக்குது. மற்றவையை வெளிப்படையாத் தள்ளிப்போட்டு, இது என்ர மட்டும்தான் எண்டு ஆண்டதை அவர் காட்டோணும். அதுக்காக இருவது வருசம் அந்தப் பக்கமே போகாமல் இருந்திட்டு இதைத் தூக்கிக்கொண்டு என்னட்ட வராதேங்கோ, வருசத்துக்கு ரெண்டு தரமாவது எல்லாரும் போய் நில்லுங்கோ. அதுக்குத்தானே வாங்குறீங்கள்.

கனடாக் கூட்டாளி

அவர் இலங்கைக் குடியுரிமையை விட்டிட்டுக் கனடாச் சிட்டிசன் மட்டும் எண்டா 2014 ஆம் ஆண்டு 38 ஆம் இலக்கச் சட்டத்துக்கு அவர் வெளிநாட்டவர். எங்களோட கொத்துரொட்டி திண்ட ஆள்தானே எண்டு சட்டம் பாக்காது. அவர்ர பேருக்குக் காணி எழுதினா அந்தப் பங்கு செல்லாது. ரெட்டைக் குடியுரிமை எடுத்திருந்தா இந்தத் தடை இல்லை. அப்ப அவர்ர பங்கை உங்கட பேரில ஒளிச்சு வைப்பம் எண்டு நீங்கள் யோசிக்கிறது விளங்குது, பிரச்சினை வந்தா அவருக்குத்தான் கோட்டில நிக்க இடம் இருக்காது, சட்டத்தைச் சுத்திப் போகச் செய்த ஒழுங்கை நீதிபதி காப்பாத்தித் தருவார் எண்டு எதிர்பாக்க ஏலாது. அவர் முதல் ரெட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கட்டும். இல்லாட்டிக் கீழ சொல்லுற கம்பனி வழி.

மரமும் நெருப்பும்

காணி எங்கட எண்டா மரமும் எங்கட எண்டு எழுதியிருக்கிறீங்கள். பாதிதான் சரி. பலா, ஈரப்பலா, பெண்பனை தறிக்க 1951 ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேணும். முதிரை, பாலை மாதிரி மரத்தை உங்கட காணிக்குள்ள வெட்டினாலும் றோட்டில ஏத்திக்கொண்டு போகப் பெர்மிட் வேணும், இல்லாட்டி மரமும் போகும் வாகனமும் போகும் நீங்களும் போவீங்கள். மான், மரை, உடும்பு ஆற்ற காணிக்குள்ள வந்தாலும் கை வைக்கக்கூடாது. இதை உங்களுக்கு இல்லை, விருந்துக்கு வாற மச்சான்மாருக்குச் சொல்லி வையுங்கோ.

நெருப்பு விசயம் எனக்குச் சட்டத்தை விடப் பயம். சோளகக் காத்துக் காலத்தில வன்னிக் காட்டில சருகு கணுக்கால் புதையக் கிடக்கும், ஒரு பொறி காணும். அதை விட, இது யுத்தம் நடந்த மண். மேல பாத்தா ஒண்டும் இருக்காது, மண்ணுக்குள்ள கிடக்கிற வெடிக்காத சாமானுக்கு மேல அடுப்பு மூட்டினாச் சூட்டில வெடிக்கக்கூடும். போன ஆனியில நீங்கள் மூட்டினது ஆத்து மணல்ல எண்டு எழுதியிருந்தீங்கள், வாசிச்சிட்டு நான் ஒருக்கா மூச்சு விட்டனான், ஆனா மணலும் வெள்ளத்தில அடிச்சுக்கொண்டு வாறதுதான். காணி துப்பரவாக்கப்பட்டதோ, மேலால மட்டும் பாத்ததோ, கிண்டிப் பாத்ததோ எண்டு கிளிநொச்சியில இருக்கிற கண்ணிவெடி நடவடிக்கைக்கான பிராந்திய அலுவலகத்தில பிரதேச செயலகம் ஊடா விசாரிக்கலாம். அந்தப் பதில் வராமல் டொய்லட்டுக்குக் குழி வெட்டாதேங்கோ. யானைப் பாதை எது எண்டு பக்கத்தில மாட்டுப்பட்டி வச்சிருக்கிறவரைக் கேளுங்கோ, அவருக்குத் தெரியிற அளவு ஒரு பிளானிலயும் இருக்காது, அப்பிடியே அவர்ர மாடுகள் குளத்துக்குப் போற பாதை உங்கட காணிக்குள்ளால போகுதோ எண்டதையும் கேளுங்கோ. கன காலமாப் போன பாதை எண்டா வேலி போட்டு மறிக்க உங்களுக்கு உரிமை இல்லாமல் இருக்கலாம்.

வெளி ஆக்களுக்கு வாடகைக்கு விடுறதை இப்போதைக்கு மறவுங்கோ. காசு வாங்கின அண்டைக்கே அது வியாபாரம், பிரதேச சபை, சுற்றுலா அதிகார சபை எல்லாம் வரும், ஒரு பிள்ளை ஆத்துக்குள்ள விழுந்தா நட்டஈட்டு வழக்கு ஆறு பேரிலயும் வரும்.

அப்ப என்ன செய்யலாம்?

என்னட்ட நேர வந்திருந்தா நான் முதல் சொல்லியிருப்பன், வாங்காதேங்கோ, லீசுக்கு எடுங்கோ எண்டு. ஐயாட உறுதிக்காணி 5 ஏக்கரை அஞ்சு வருசத்துக்கு நொத்தாரிசு எழுதின குத்தகையில எடுத்துப் பதிஞ்சு வையுங்கோ, ஒரு மாசத்துக்கு மேற்பட்ட குத்தகை எண்டா அதுவும் நொத்தாரிசு எழுதினாத்தான் செல்லும். அந்த அஞ்சு வருசத்தில எத்தினை பேர் உண்மையா வருகினம், ஆர் டொய்லட் கழுவுகினம், ஆர் குரூப்பில லைக் மட்டும் போடுகினம் எண்டு தெரிஞ்சிடும். ஐயா விக்க வெளிக்கிட்டா முதல் உங்களைத்தான் கேக்கோணும் எண்டு அதுக்குள்ள ஒரு வரி போடலாம். கனடாக் கூட்டாளியும் இதில நிக்கலாம், வெளிநாட்டவர் குத்தகைக்கு எடுக்கச் சட்டம் விடுது.

வாங்கத்தான் வேணும் எண்டு நிண்டா, 2007 ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தில ஒரு பிரைவேட் கம்பனி பதிஞ்சு அதின்ர பேரில வாங்குங்கோ. காணி கம்பனிக்கு, உங்களுக்குப் பங்கு. ஒராள் செத்தா, விலக நினைச்சா கைமாறுறது பங்கு, காணி உடையாது. வெளிநாட்டுப் பங்கு 50 வீதத்துக்குக் கீழ இருக்கோணும், உங்களுக்கு ஆறில ஒண்டுதானே, அவர் காசை வங்கி ஊடா முறையான முதலீட்டுக் கணக்கால அனுப்பினாச் சரி. வருசா வருசம் அறிக்கை, கணக்குப் பாக்கிற செலவு எண்டு ஒரு தொல்லை இருக்கு, கூட்டு உறுதியில அது இல்லை. எதில போனாலும் ஒப்பந்தத்தில "ஒருத்தரும் விக்கக்கூடாது" எண்ட வரியை வெட்டிப்போட்டு அந்த இடத்தில விலகிறவர் என்ன செய்யோணும் எண்டு எழுதுங்கோ: எத்தினை மாசம் முதல் சொல்லோணும், விலையை ஆர் மதிக்கிறது, மற்றவை எத்தினை தவணையில குடுக்கலாம், செத்தவர்ர மனுசி பிள்ளையள் உள்ளுக்கு நிக்கலாமோ அல்லது காசு வாங்கிக்கொண்டு போகோணுமோ. ஆறு பேரும் ஒரு பின்னேரம் இருந்து இதைக் கதைச்சு முடிக்க ஏலாட்டி அது எனக்கு இல்லை, உங்களுக்கே ஒரு பதில்.

இந்தக் கிழமை செய்யிறதுக்கு ஒரு வேலை தாறன். ஐயாட்டப் போய் அந்த 4 ஏக்கர்ப் பேப்பரையும் 5 ஏக்கர் உறுதியையும் முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் வெளிச்சத்தில வச்சுப் போட்டோ எடுங்கோ, உறுதியின்ர பின்பக்கத்தில காணிப் பதிவகச் சீல் இருக்கும், அதில இருக்கிற தொகுதி இலக்கமும் பக்க இலக்கமும் வடிவாத் தெரியோணும். அட்வான்ஸ் எண்டு ஒரு ரூபாயும் குடுக்காதேங்கோ. வவுனியாப் பக்கம் வந்தா ஒரு நொத்தாரிசிட்டக் காட்டி முப்பது வருசத்துக்குப் பின்னால தேடச் சொல்லுங்கோ, யுத்தத்துக்குள்ள தொலைஞ்ச பக்கங்கள் இருந்தா எதை வச்சு ஈடுகட்டலாம் எண்டு அவர் சொல்லுவார். போகேக்க மனுசியையும் கூட்டிக்கொண்டு போங்கோ.